மூன்று நாள் காய்ச்சல்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகம் என்று எழுதி ஆரம்பிக்கத்தான் ஆசை. மூன்று பேரில் இரண்டு பேர் சுகம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் கேட்டால், “கடையில ஆள் இருக்கு, அப்புறம் பேசறேன்” என்பாய். உன் அப்புறம் இதுவரை வந்ததே இல்லை. அதனால்தான் கடிதம். இதை நீ கட் பண்ண முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பட்டாணிக் குட்டி பாயில் குப்புறப் படுத்துத் தன் காலைத் தானே தேடிக்கொண்டிருந்தாள். ஏழு மாதத்தில் அதுதான் அவளுக்கு உத்தியோகம். சமையல் மேடையில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகளை இவர் முழங்கையால் தள்ளிவிட்டார். அத்தனையும் தரையில். குழந்தை தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தாள். அப்புறம் அப்படியே சாய்ந்துவிட்டாள் அண்ணா. உதடு நீலம். கை கால் துணி மாதிரி. பத்து செகண்டுதான் என்கிறார் இவர். நான் எண்ணவில்லை. பிறகு தானாகவே வீறிட்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். “எல்லையில இருக்கு. இதை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார் டாக்டரம்மா. “உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா? நல்லா இருந்தவங்க மயங்கி விழுந்திருக்காங்களா? அப்படி இருந்தா உடனே மருந்து ஆரம்பிக்கணும். இல்லைன்னா இந்த வயசுல சும்மா கொடுக்கிற மருந்து இல்லை அது. எதுக்கும் மார்ச் இருபதாம் தேதி மறுபடி எடுத்துப் பார்ப்போம்.”

இவர் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை. நம் பக்கத்தில் அப்பா வயதாகிப் போனவர். மிச்சம் உன் தம்பி, சின்னவன். நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் காய்ச்சலில் போனான் என்றுதானே சொல்வீர்கள்? காய்ச்சல் என்றால் இந்தக் கணக்கில் வராதாம். அப்போது உனக்குப் பத்து வயது, கூடவே இருந்தவன். காய்ச்சல்தானா என்று ஒரே ஒரு வரி எழுது, போதும்.

இன்னொன்று. சிரிக்காதே. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சாமி கும்பிட்டேன். ‘சாமியே கிடையாது’ என்று உன்னிடம் படித்த பிள்ளை நான், எப்படிக் கும்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. ‘ப்ளீஸ், ப்ளீஸ்’ என்று மட்டும் சொன்னேன்.

உடனே பதில் போடு.

உன் வாலு


ஜனவரி 30

வாலு,

கடிதம் கிடைச்சது. கடையில வேலை ஜாஸ்தி, அதான் தாமதம். அம்மா முட்டி அப்படியேதான் இருக்கு.

தட்டு விழுந்தப்போ குழந்தை எவ்வளவு தூரத்துல இருந்தா? காதுக்குப் பக்கத்துலயா? நேரா சாஞ்சாளா, இல்ல முதல்ல நிமிர்ந்து யாரையாவது பார்த்துட்டுச் சாஞ்சாளா? கண் திறந்தே இருந்துச்சா? சத்தத்தைப் பத்தி டாக்டர் ஏதாவது சொன்னாங்களா? இதை மட்டும் விவரமா எழுது.

சாமி கும்பிட்டியாமே. நல்லது. அம்மாவுக்கு ஒரு துணை கிடைச்சாச்சு.

மாப்பிள்ளையை விசாரிச்சதா சொல்லு.

அண்ணன்


பிப்ரவரி 4

அண்ணா,

நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். இதை ஒப்புக்கு எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பதில் போடுகிறாய். அதில் ஐந்து கேள்வி. ஐந்தும் சத்தத்தைப் பற்றியும் அவள் சாய்ந்ததைப் பற்றியும். குழந்தை இப்போது எப்படி இருக்கிறாள் என்று அரை வார்த்தை இல்லை. நான் கேட்ட ஒரு வரியும் இல்லை.

சரி, நீ கேட்டதற்குச் சொல்கிறேன். தட்டு விழுந்தது நாலடி தூரத்தில். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சாய்ந்தாள். கண் திறந்திருந்தது. சத்தத்தைப் பற்றி டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை, குறித்துக்கொண்டார்.

இப்போது நீ சொல். ‘நிமிர்ந்து யாரையாவது பார்த்துட்டுச் சாஞ்சாளா’ என்று ஏன் கேட்டாய்? யாருக்கும் தோன்றாத கேள்வி அது. இவருக்குத் தோன்றவில்லை, டாக்டரம்மாவுக்கே தோன்றவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்கிற உனக்கு எப்படித் தோன்றியது?

இப்போதெல்லாம் நான் வீட்டில் செருப்புச் சத்தம்கூட வராமல் நடக்கிறேன். தட்டுகளுக்கு நடுவே துணி வைத்து அடுக்குகிறேன். கதவைத் தட்டுகிறவர்கள் எல்லோரும் எனக்கு எதிரி. அவள் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இவர் என்னைப் பார்க்கும் பார்வையே சரியில்லை.

சின்னவனுக்குக் காய்ச்சல்தானா?

வாலு


பிப்ரவரி 12

வாலு,

அம்மா நலம். நான் நலம். உனக்குத்தான் தூக்கம் போதலை.

சின்னவனுக்குக் காய்ச்சல்தான். மூணு நாள். போதுமா? இதை டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிம்மதியா இரு. குழந்தைன்னா சத்தத்துக்குப் பயப்படத்தான் செய்யும்.

நீ வராந்தாவுல நின்னு ப்ளீஸ் போட்டதை அம்மாகிட்ட சொன்னேன். சந்தோஷப்படுவான்னு பார்த்தா, முகம் வெளிறிப்போச்சு. அன்னைக்கிலிருந்து அவளோட பிரார்த்தனை அரை மணியிலிருந்து முக்கால் மணியா ஆயிடுச்சு. சுவரைப் பார்த்து நின்னு முணுமுணுக்கிறா. “அந்தப் பக்கம் யாராவது எடுக்கிறாங்களாம்மா, இல்ல ரிங் மட்டும்தான் போகுதா?”ன்னு கேட்டேன். “வாயைக் கழுவுடா”ன்னு கத்தினா. எனக்கு முப்பத்தொம்பது வயசாச்சு, இன்னும் வாயைக் கழுவச் சொல்றா.

தினமும் அம்பது பேருக்குக் கண் பார்க்கிறேன். தெரியாததைத் தெரியுதுன்னு சொல்றவங்களைக் கண்டுபிடிக்கிறது என் தொழில். ‘அந்தக் கடைசி வரி தெரியுதா?’ன்னா, ‘ஓ, நல்லாத் தெரியுது’ன்னு தப்புத்தப்பா வாசிப்பாங்க. பக்தியும் அவ்வளவுதான். நீயும் அந்த வரிசையில போய் நிக்காதே.

அண்ணன்


பிப்ரவரி 19

அன்புள்ள அம்மா,

உன் முட்டிக்கு அந்தத் தைலத்தை விடாமல் தேய்க்கிறாயா? பட்டாணிக்குக் கீழே ஒரு பல் எட்டிப் பார்க்கிறது.

அண்ணன் எல்லாவற்றையும் உன்னிடம் சொல்லியிருப்பான். சொல்லாமல் விட்டதையும் நான் சொல்லிவிடுகிறேன்: குழந்தைக்கு இதயத்தில் ஏதோ இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார்கள். நம் குடும்பத்தில் யாராவது திடீரென்று போனார்களா என்று தெரிந்தால்தான் மருந்து. சின்னவனைப் பற்றிக் கேட்டால் அண்ணன் கடவுளைத் திட்டி ஒரு பக்கம் எழுதுகிறான். எப்போதும் அவன் அப்படித்தான் என்று இத்தனை நாள் விட்டுவிட்டேன். இப்போது விட முடியவில்லை.

சின்ன வயதில் உன் பின்னால் நின்று நீ கும்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். ‘அவனை விட்டுடு, அவனை மட்டும் விட்டுடு’ என்பாய். சின்னவனைத்தான் சொல்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது யோசித்தால் கணக்கு உதைக்கிறது. செத்துப்போனவனை யாரம்மா விட வேண்டும்?

என் குழந்தைக்காகக் கேட்கிறேன். சொல்லம்மா.

உன் மகள்


பிப்ரவரி 27

கண்ணம்மா,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லா இருக்கணும். பல்லு முளைக்கிறப்ப வயித்தால போகும், பயப்படாதே.

சின்னவனுக்கு மூணு நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டான். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு என்ன ஆகப்போகுது. நான் கும்பிடுறது எனக்கும் சாமிக்கும் உள்ளது.

உங்கண்ணன்கிட்ட இதைக் கேட்காதே. கேட்டிருந்தா இனிமே கேட்காதே. அவன் ராத்திரி சாப்பிடுறதில்லை.

அம்மா


மார்ச் 5

அண்ணா,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலிங் பெல் அடித்தது. பேட்டரியை நான் எடுத்து வைத்திருந்தேன், இவர் தெரியாமல் திரும்பப் போட்டுவிட்டார். பட்டாணி மறுபடி சாய்ந்தாள். இந்தத் தடவை எண்ணினேன். பதினெட்டு. இ.சி.ஜி. பழையபடி எல்லையிலேயே இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ரத்தம் அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர இரண்டு மாதமாம். அதுவரை அவளை ஏந்திக்கொண்டே நிற்கிறேன்.

என்னிடம் சின்னவனின் ஒரே ஒரு படம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு பழைய நோட்டோடு வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பு குரூப் போட்டோ. நேற்று அதை எடுத்துப் பார்த்தேன். முன் வரிசையில் ஓரத்துப் பையன் தலைக்குப் பின்னால் விரலால் கொம்பு வைத்துவிட்டு எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு நிற்கிறான். கீழே சிலேட்டில் தேதி எழுதியிருக்கிறது. ஆகஸ்ட் 13, அவன் போன அதே வருஷம்.

அம்மா வருஷா வருஷம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டு படுத்திருக்கும் நாள் ஆகஸ்ட் 14.

மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவன் முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் கொம்பு வைத்துக்கொண்டிருந்தானா?

நீயும் ‘மூணு நாள்’ என்கிறாய், அம்மாவும் ‘மூணு நாள்’ என்கிறாள். பேசி வைத்துக்கொண்டீர்களா? அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது? அப்பா அடித்தாரா? அம்மாவா? நீயா? இப்படி எழுதும்போது என் கையை நானே வெறுக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லாமல் இருக்க இருக்க, எனக்கு எல்லாம் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது.

இப்போது தினமும் கும்பிடுகிறேன். பக்தி இல்லை. நீ சொல்லமாட்டாய் என்று தெரிந்துவிட்டது, வேறு யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

வாலு


மார்ச் 15

அண்ணா,

பத்து நாள் ஆயிற்று. வெள்ளிக்கிழமை டாக்டரம்மா முன்னால் போய் உட்கார வேண்டும். ‘காய்ச்சல்’ என்றே சொல்லிவிடட்டுமா? சொல்லச் சொல்கிறாய் என்றால், அதையாவது உன் கையால் எழுது.


மார்ச் 17

வாலு,

கூரியர்ல அனுப்பறேன், வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி வந்துடும். போன்ல சொல்ல ரெண்டு தடவை நம்பரை அழுத்தினேன். நீ எடுத்தது தெரியும், பேசாம வெச்சது நான்தான்.

காய்ச்சல் இல்லை. காய்ச்சலே இல்லை.

சின்னவன் கும்பகர்ணன். தண்ணி தெளிச்சாலும் எழுந்திருக்கமாட்டான், அப்பா தோள்ல போட்டுத்தான் பல்விளக்கக் கொண்டுபோவார். அன்னைக்கு அவனை ஒரு வழி பண்ணணும்னு எனக்கு வெறி. முந்தின நாள் என் பேனா நிப்பை வளைச்சிட்டான். அலமாரியில அப்பாவோட அலாரக் கடிகாரம் இருக்கும், மேலே ரெண்டு மணி வெச்சது. அதுக்கு நல்லா சாவி கொடுத்து, விடியக்காலை அவன் தலகாணிக்கு அடியில வெச்சேன். காதுக்கு நேரா. வெச்சிட்டுப் போர்வைக்குள்ள காத்திருந்தேன்.

அடிச்சுது. அவன் சடார்னு எழுந்து உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் சாஞ்சான். நடிக்கிறான்னு நினைச்சேன். நான் சிரிச்சேன் வாலு. கடிகாரம் பாட்டுக்கு அடிச்சு ஓய்ஞ்சது, நான் சிரிச்சுக்கிட்டே இருந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தா கண்ணு திறந்திருக்கு.

கொல்லைப்பக்கம் ஓடி வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தப்போ அம்மா அவனை மடியில போட்டுக்கிட்டு இருந்தா. கடிகாரம் இல்லை. தலகாணிக்கு அடியில இல்லை, கட்டில்ல இல்லை, எங்கேயும் இல்லை. மறுநாள் அலமாரியில அது இருந்த இடத்துல சீப்பு இருந்துச்சு. யாருமே எங்கிட்ட ஒண்ணும் கேட்கலை. வந்தவங்ககிட்ட அம்மா ‘மூணு நாள் காய்ச்சல்’னு சொன்னா. ஏன் சொன்னான்னு புரியலை, நான் அதைப் பிடிச்சுக்கிட்டேன்.

பத்து வயசுப் பையனுக்கு என்ன தோணும்? மேலே இருக்கிறவர் பார்த்திருக்கார். பார்த்து, எடுத்து வெச்சிருக்கார். ஒருநாள் நீட்டி, ‘இது யாருதுடா?’ன்னு கேட்கப்போறார். ரெண்டு வருஷம் அந்தப் பயத்துல படுக்கையை நனைச்சேன். அப்புறம் பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன், கடவுள்னு ஒருத்தரே கிடையாதுன்னு சொன்னான். அன்னைக்குத்தான் முழுசாத் தூங்கினேன். அவர் இருந்தா நான் தொலைஞ்சேன். அதனால அவர் இல்லை. என்னோட பகுத்தறிவு முழுக்க இவ்வளவுதான். உனக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் இதுதான்.

தட்டு விழுந்து குழந்தை சாஞ்சான்னு நீ எழுதினதைப் படிச்ச அன்னைக்கே எனக்கு உறைச்சிருச்சு. அப்போ அது நோயா இருக்குமோன்னு. அப்படி இருந்தா நான்... அதை முடிச்சு யோசிக்கவே பயமா இருந்துச்சு. சொல்லி, டாக்டர் ‘அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை’ன்னுட்டா, மிஞ்சுறது நான் மட்டும்தானே. ரெண்டு மாசம் அந்தப் பயத்துக்குப் பட்டாணியைப் பணயம் வெச்சேன். சின்னவனுக்கு அப்புறம் இவளையும்.

டாக்டர்கிட்ட எல்லாத்தையும் காட்டு. அம்மாவுக்கு மட்டும் தெரியவேண்டாம்.

அண்ணன்


மார்ச் 23

அண்ணா,

சாப்பிட்டாயா? முதலில் சாப்பிடு, பிறகு படி.

உன் கடிதத்தை டாக்டரம்மாவிடம் அப்படியே கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இவர் இதை எழுதலைன்னா நான் இன்னும் காத்திருந்திருப்பேன்” என்றார். அன்றைக்கே மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். காலையும் மாலையும் சொட்டு மருந்து. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்ததற்குத் தயாராகக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறதாம். அந்த இடைவெளியில் திடீர்ச் சத்தம் விழுந்தால் தாளம் தப்பிவிடும். பிறவியிலேயே வருவது, குடும்பத்தில் வருவது.

நான் கேட்டேன் அண்ணா. நேராகவே கேட்டேன். “அந்தக் கடிகாரம் வைக்கலைன்னா அவன் பிழைச்சிருப்பானா?” அவர் சொன்னதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதுகிறேன்: “அன்னைக்குப் பிழைச்சிருப்பான். அடுத்த இடிச் சத்தம் வரைக்கும். ஸ்கூல் மணி வரைக்கும். நல்லா இருக்கிற குழந்தை அலாரம் கேட்டா அழும், அண்ணனை அடிக்கும். அவ்வளவுதான்.”

உன்னைச் சந்தேகப்பட்டேன். நீ எழுதியதைவிட மோசமாக எல்லாம் யோசித்தேன். மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ரெண்டு மாசம் மறைத்ததற்கு உன்மேல் கோபமும் போகவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

நீ, நான், அம்மா மூன்று பேரும் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். என்னுடையது வெள்ளிக்கிழமையே எடுத்தார்கள். எனக்கும் இருக்கிறது, லேசாக; மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ‘என்னை எதற்கு அழைத்துப் போகிறாய்’ என்று அம்மா கேட்பாள். பொய் சொல்லாதே. உன் வாயால் சொல்லு.

வாலு


ஏப்ரல் 4

கண்ணம்மா,

குழந்தைக்கு மருந்து ஒத்துக்குதான்னு எழுது. நீயும் உன் மாத்திரையை மறக்காதே.

நேத்து உங்கண்ணன் கடைக்குப் போகலை. எதிர்ல வந்து உட்கார்ந்தான். “அம்மா, சின்னவன்...”னான். நான் சொன்னேன், “கடிகாரத்தை நான்தாண்டா எடுத்தேன்.” அவன் முகத்தைப் பார்க்க முடியலை.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்து ஓடினேன். இவன் கொல்லைப்பக்கம் ஓடுறான். தலகாணிக்கு அடியில கையை விட்டா கடிகாரம். எனக்கு எல்லாம் விளங்கிப்போச்சு. ஒண்ணு போயிடுச்சு, இன்னொண்ணையும் ஊர் வாயில போடவான்னு முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கிட்டுப் போறப்ப பாலத்துல வெளியே எறிஞ்சேன். வெளியூர்லேர்ந்து ஓடி வந்த உங்கப்பாகிட்டக்கூட கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுத்தேன்னுதான் சொன்னேன். இவனுக்கு ஒண்ணும் தெரியவேண்டாம், விளையாட்டுப் பிள்ளை, மறந்துடுவான்னு நினைச்சேன்.

நீ கேட்டியே, யாரை விடச் சொல்லிக் கும்பிட்டேன்னு. பெரியவனைத்தான். தம்பியைச் சாய்ச்ச கைன்னு சாமி இவனையும் எடுத்துக்குமோன்னு இருபத்தொம்பது வருஷமாக் கெஞ்சுறேன். இவன் வேற, சாமி இல்லை பூதம் இல்லைன்னு வாயால வாங்கிக் கட்டிக்குவான். அவன் ஒரு வார்த்தை பேசினா நான் பத்து நிமிஷம் கூட நிப்பேன். நான் நிக்கிறதைப் பார்த்தா அவன் இன்னும் பேசுவான். ஒரே வீட்டுல ரெண்டு பேரும் இதையே பண்ணிக்கிட்டு இருந்திருக்கோம்.

நான் அன்னைக்கு டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லியிருந்தா உனக்கு இது தெரிஞ்சிருக்கும். என் பேத்தி ரெண்டு தடவை நீலமாயிருக்க மாட்டா. அதை யார்கிட்டக் கெஞ்சுறதுன்னு தெரியலை.

அம்மா


ஏப்ரல் 19

வாலு,

நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். இந்தக் குடும்பத்துல இப்ப இதைவிடப் பெரிய சுகச் செய்தி கிடையாது.

இ.சி.ஜி. எடுத்தோம். அம்மாவுக்கு இருக்கு. எனக்கு அம்மாவைவிட ஜாஸ்தி இருக்கு. டாக்டர் என் தாளை மறுபடி மறுபடி பார்த்தார். “இத்தனை வருஷம் ஒரு தடவைகூட விழுந்ததில்லையா? எப்படி?”ன்னார். எப்படின்னா நான் என்ன சொல்றது.

பக்கத்துல அம்மா. இப்ப திரும்புவா, ‘பாத்தியாடா, யார் காப்பாத்தினதுன்னு’ன்னு ஒரு பார்வை பார்ப்பா, நான் சாகிற வரைக்கும் அதைக் கேட்டுக்கிட்டு இருக்கணும்னு நினைச்சேன். அவ திரும்பவே இல்லை. டாக்டரைப் பார்த்து, “அப்ப எல்லாருக்கும் எங்கிட்டேயிருந்துதான் வந்துச்சா?”ன்னு மட்டும் கேட்டா.

மறுநாள் காலையில வழக்கம்போலச் சுவருக்கு நேரா நின்னா. உதடு அசையலை. கண்ணைத் திறந்துக்கிட்டே நிக்கிறா. “என்னம்மா?”ன்னேன். “என்ன கேக்கறதுன்னு தெரியலைடா”ன்னா. இருபத்தொம்பது வருஷமா ஒரே விண்ணப்பம், அது முடிஞ்சுபோச்சு. மன்னிப்புக் கேட்கலாம்னா, அவ மன்னிப்புக் கேட்க வேண்டியது சாமிகிட்ட இல்லையே, உங்கிட்டயும் எங்கிட்டயும் தானே.

நான் போய்ப் பக்கத்துல நின்னேன். தப்பா நினைக்காதே, நம்பி இல்லை. இருக்கக்கூடாதுன்னு நினைச்சேனே தவிர, இருக்காரா இல்லையான்னு நான் இதுவரைக்கும் யோசிச்சதே கிடையாது. அன்னைக்குத்தான் முதல்ல யோசிச்சேன். யோசிக்க யோசிக்க எனக்குக் கோபமா வந்துச்சு. ஆறு வயசுப் பையன், அவனுக்கு அப்படி ஒரு இதயத்தைக் கொடுத்து அனுப்புவாங்களான்னு. இல்லாத ஆள்மேல எப்படிக் கோபம் வரும்? ஒருவேளை புது மாத்திரையாக்கூட இருக்கும். தலை சுத்தும்னு சொன்னாங்க.

பத்து நிமிஷம் நின்னோம். அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டா, பார்க்காமலே. “உனக்கு எதாவது கேக்கணுமா?”ன்னா, ஏதோ சாமி கடை வெச்சிருக்கிற மாதிரியும் நான் சாமான் வாங்க வந்தவன் மாதிரியும். “கேக்கணும்மா. ஆனா நல்லா இருக்காது”ன்னேன்.

“பரவாயில்லை, கேளு”ன்னா.

அண்ணன்